பேண்டம் கோழிக்கு டானிக்கை விடுங்கள், முதலில் தராசை எடுங்கள்

தோல் முட்டை போடுகிறது என்று ஒருவர் தன் பேண்டம் கோழியை, அதாவது உருவத்தில் சிறிய இனக் கோழியைக் கொண்டுவந்தார். ஒரு கையில் கூடை, இன்னொரு கையில் பை. பைக்குள் கால்சியம் டானிக், விட்டமின் சொட்டு, ஈரல் டானிக், லேபிள் நனைந்து பெயரே தெரியாமல் போன இன்னொரு பாட்டில். "எல்லாம் கொடுக்கிறேன் டாக்டர், அப்பவும் ஓடு வரலை" என்றார். நெஞ்சைத் தடவிப் பார்த்தேன், நெஞ்செலும்பு கையில் தட்டுப்படவே இல்லை, அடிவயிற்றில் திண்டு மாதிரி கொழுப்பு. பட்டினி கிடந்த கோழி இல்லை இது. தீவனமும் நல்ல லேயர் தீவனம்தான், முட்டையிடும் கோழிக்கென்றே தயாரிப்பது. அதோடு காலையில் உடைத்த மக்காச்சோளம் ஒரே ஒரு பிடி, இரண்டு கோழிக்கும் சேர்த்து. அந்த ஒரு பிடியை மேசைத் தராசில் போடச் சொன்னேன். 42 கிராம்.

பிரச்சினை அங்கேதான். பெரிய முட்டைக் கோழி ஒரு நாளைக்கு 110, 120 கிராம் தின்னும், அதற்கு இந்தப் பிடி ஒரு பொருட்டே இல்லை. பேண்டம் தின்பதோ 50 கிராம் சுமாருக்குத்தான். அதில் 20 கிராம் சோளத்துக்குப் போய்விட்டால் தீவனத்துக்கு இடம் 30 கிராம்தான். லேயர் தீவனத்தில் கால்சியம் 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் முழு 50 கிராமில் 2 கிராம் கிடைக்கும், 30 கிராமில் 1.2 கிராம். சோளத்தில் கால்சியம் இல்லை என்றே சொல்லிவிடலாம். பேண்டம் முட்டையின் ஓட்டுக்கே ஏறக்குறைய 1.3 கிராம் கால்சியம் வேண்டும், அதிலும் தின்றதெல்லாம் உடம்பில் சேராது, பாதிக்குச் சற்று மேல் சேர்ந்தாலே பெரிது. மிச்சத்தைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கிறது. எத்தனை நாள் எடுக்கும்? புரதமும் இதே கதைதான், 17 சதவீதத் தீவனத்தைச் சோளம் நீர்த்துப்போக வைத்துவிடுகிறது, மாவுச்சத்து ஈரலில் கொழுப்பாக ஏறுகிறது. நேற்றுவரை நன்றாக இருந்த கொழுத்த கோழி காலையில் செத்துக் கிடந்தது என்று வருபவர்களில் பலருடைய கோழியை அறுத்துப் பார்த்தால் ஈரல் மஞ்சளாக, தொட்டால் பொடியும் பதத்தில், உள்ளே ரத்தம் கசிந்து இருக்கும்.

பாட்டிலில் இருக்கும் சில சொட்டு கால்சியம் மில்லிகிராம் கணக்கு. கோழிக்கு வேண்டியது கிராம் கணக்கு. அவ்வளவுதான் விஷயம்.

அதனால் நான் சொல்வது ரொம்பச் சாதாரணம். முட்டையிடும் பேண்டமுக்கு லேயர் தீவனம்தான் சாப்பாடு, மற்றதெல்லாம் சேர்த்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, அதாவது ஒரு கோழிக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன். அதையும் சாயங்காலம் கொடுங்கள், தீவனத்தால் வயிறு நிறைந்த பிறகு. பெரிய கோழிக்கான பெல்லட்டை, அதாவது உருளைக் குச்சித் தீவனத்தை, சில பேண்டம்கள் விழுங்கத் திணறும், அவற்றுக்கு அதையே நொறுக்கிய கிரம்பிள் வாங்குங்கள். மேஷ் என்ற அரைத்த தீவனம் என்றால் பிடித்ததைப் பொறுக்கிக்கொண்டு தூளை விட்டுவிடும், அந்தத் தூளில்தான் விட்டமினும் தாதும் இருக்கின்றன. லேசாக ஈரப்படுத்திக் கொடுத்தால் தூளும் உள்ளே போகும், மீந்ததை அன்றே கொட்டிவிடுங்கள்.

கூடுதலாக ஒன்றே ஒன்று வையுங்கள் என்றால் சிப்பி ஓடு. மாவாக வேண்டாம், நொறுக்கிய துண்டாக, தனிக் கிண்ணத்தில். ஓடு உருவாக 20 மணி நேரம் ஆகும், அதில் பெரும்பகுதி ராத்திரியில், கோழி எதுவும் தின்னாத நேரத்தில். மாவு சீக்கிரம் கரைந்து போய்விடும், துண்டுகள் அரைவைப்பையில் தங்கி விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். தேவைப்படும் கோழி தானே போய்க் கொத்தும், தீவனத்தில் கலந்து திணிக்க வேண்டியதில்லை. முழுத் தானியமோ புல்லோ தின்னும் கோழிக்குச் சிறு கருங்கல் குருணையும் வேண்டும், ஆனால் அது அரைப்பதற்கு, கால்சியத்துக்கு அல்ல. இரண்டையும் ஒன்று என்று நினைத்துக் கல்லை மட்டும் வைப்பவர்கள் நிறைய.

விட்டமின் டி3 சொட்டுக்கு எப்போதும் எனக்குப் பயம்தான். கால்சியத்தைக் குடல் உறிஞ்ச டி3 வேண்டும், சரி, ஆனால் நல்ல லேயர் தீவனத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது, வெயிலில் மேயும் கோழிக்குத் தோலிலும் உருவாகிறது. அதற்கு மேல் நீங்கள் ஊற்றினால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். அதிலும் அரைக் கிலோ, முக்கால் கிலோ கோழிக்கு, பெரிய கோழிக்கான அளவை அப்படியே ஊற்றுகிறார்கள்!

வயதைப் பார்த்துத் தீவனம் மாற்றுவதும் தப்பு. பெரிய இனம் 18 வாரத்தில் முட்டைக்கு வரும் என்றால் பேண்டம் 6, 7 மாதம்கூட எடுத்துக்கொள்ளும். அதுவரை லேயர் தீவனத்தின் கால்சியம் அதன் சிறுநீரகத்துக்குச் சுமைதான், முதல் முட்டையைப் பார்த்த பிறகு மாற்றுங்கள். சேவலும் குஞ்சும் ஒரே கூண்டில் இருந்தால் எல்லாருக்கும் வளர்தீவனம் (வளரும் கோழிக்கானது), பக்கத்தில் சிப்பிக் கிண்ணம். மருந்து கலந்த குஞ்சுத் தீவனம் மீந்துவிட்டது என்று முட்டைக் கோழிக்குப் போடாதீர்கள், அந்த மருந்து முட்டைக்குள் வரலாம். இறகு உதிரும் காலத்தில் முட்டை நிற்பது இயல்பு, அப்போது கால்சியத்தைவிடப் புரதம் முக்கியம், இறகே பெரும்பாலும் புரதம்தானே.

சாக்கில் தயாரிப்புத் தேதியைப் பார்க்கச் சொல்லியும் சொல்லியும் எனக்கு அலுத்துவிட்டது. இரண்டே கோழி வைத்திருப்பவர் மலிவு என்று பெரிய சாக்கு வாங்குவார், அது தீர ஒரு வருஷம் ஆகும், இரண்டு மாதத்திலேயே விட்டமின் குறைய ஆரம்பித்துவிடும். பூஞ்சை வாசம் வந்தால் வெயிலில் காயவைத்தாலும் பயனில்லை, நச்சு போகாது.

அந்தக் கூடைக்காரர் டானிக்கையெல்லாம் நிறுத்தினார், சோளத்தைக் குறைத்தார், சிப்பி வைத்தார். மூன்றாவது வாரம் ஒரு முட்டை கொண்டுவந்து மேசையில் வைத்தார், ஓடு கெட்டியாகத்தான் இருந்தது, நுனியில் மட்டும் கொஞ்சம் சொரசொரப்பு. கோழி இன்னும் குண்டுதான், அது இறங்க மாதங்கள் ஆகும். இப்போது தராசு அவர் வீட்டிலும் இருக்கிறதாம்.