முழுசாகப் பார்த்தீர்களா, பாதியிலா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாட்சி வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். ‘அவர் அலமாரியைத் திறப்பதைப் பார்த்தேன்’ என்று ஒரு வரி. ‘ஐ சா ஹிம் ஓப்பன் த கப்போர்ட்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். சரிபார்த்த சக மொழிபெயர்ப்பாளர் அங்கே பென்சிலால் வட்டம் போட்டு, ‘கதவு திறந்ததை இவர் பார்த்தாரா?’ என்று கேட்டிருந்தார். மறுபடி படித்தால், சாட்சி பார்த்தது பூட்டில் சாவி திரும்பியதை மட்டும்தான். அதற்குள் யாரோ கூப்பிட, மாடிக்குப் போய்விட்டார். என் ஆங்கிலத்திலோ கதவு திறந்தே விட்டது! ‘ஓப்பனிங்’ என்று திருத்தினேன்.

சீ, ஹியர், வாட்ச், ஃபீல், நோட்டீஸ் போன்ற வினைகளுக்குப் பின் இரண்டு வடிவங்களும் வரும். ‘டு’ இல்லாத வெறும் வினை வந்தால், நடந்ததை முடிவு வரை பார்த்திருக்கிறேன் என்று பொருள். ‘இங்’ வந்தால், நடந்துகொண்டிருந்தபோது பார்த்தேன், அவ்வளவுதான். பிறகு என்ன ஆனது என்று அந்த வாக்கியம் சொல்லாது. ‘ஐ சா ஹிம் டிரௌனிங்’ என்றால் ஓடிப்போய்த் தூக்க இன்னும் நேரம் இருந்திருக்கலாம். ‘ஐ சா ஹிம் டிரௌன்’ என்றால் ஆள் போய்விட்டார்.

தமிழிலும் இந்த வேறுபாடு இல்லாமல் இல்லை. ‘திறந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்’, ‘திறந்ததைப் பார்த்தேன்’ என்று பிரித்துச் சொல்ல முடியும். ஆனால் பேச்சில் நம் வாயில் வருவது பெரும்பாலும் ‘திறப்பதை’தான். அது இரண்டு பக்கமும் சாயும். ஆங்கிலம் அப்படி நழுவ விடாது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

அந்தத் ‘திறந்ததை’யே இன்னொரு வம்புக்கும் காரணம் என்று நினைக்கிறேன். அதில் இறந்தகாலம் இருப்பதால், ‘ஐ சா ஹிம் ஓப்பன்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். என்னிடம் திருத்தத்துக்கு வரும் பிரதிகளில் அடிக்கடி பார்ப்பது இது. காலத்தைச் ‘சா’ காட்டிவிட்டது, அடுத்த வினை அதை மறுபடி சுமக்க வேண்டாம். ‘ஐ சா ஹிம் டு ஓப்பன்’ என்பதும் தவறு. வேடிக்கை என்னவென்றால், செயப்பாட்டு வினையாக்கினால் அதே ‘டு’ திரும்பி வந்துவிடும்: ‘ஹி வாஸ் சீன் டு ஓப்பன் த கப்போர்ட்’. அங்கே அதை விட்டால்தான் பிழை.

கண நேரத்தில் முடிகிற செயல்களில் கணக்கு கொஞ்சம் மாறும். ‘ஐ ஹெர்ட் ஹிம் காஃப்’ என்றால் ஒரு இருமல். ‘காஃபிங்’ என்றால் திரும்பத் திரும்ப. ஒரே ஒரு இருமலின் நடுவில் போய் நின்று கேட்க முடியாதே! அப்புறம் ‘ஸ்மெல்’. அதற்குப் பின் ‘இங்’ மட்டும்தான்: ‘ஐ ஸ்மெல் சம்திங் பர்னிங்’.

இப்போதெல்லாம் ‘திறப்பதைப் பார்த்தேன்’ என்று வந்தால் அடுத்த நாலைந்து வரிகளைப் படிக்காமல் கை வைப்பதில்லை. அவற்றிலும் தெரியாவிட்டால், அனுப்பியவரிடமே கேட்டுவிடுவேன்: “கதவு திறந்ததா, இல்லையா?” சிலர் எரிச்சலாவார்கள்.