ஏர் ஃபில்டர் – காற்று வடிகட்டி

ஏர்கோனைத் திறந்தாலே காடிக்குள் ஈரத்துணி வாடை. பட்டர்வொர்த்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், “ஏர் ஃபில்டர் மாத்திடுங்க அண்ணே” என்றேன். மாற்றினார்கள். பணம் கொடுத்துவிட்டு வீடு வந்தேன், வாடை அப்படியே இருந்தது. அவர்கள் மாற்றியது இயந்திரத்தின் ஃபில்டர். நான் நினைத்தது ஏர்கோன் ஃபில்டர். ஒரே சொல்லை இருவரும் இரண்டு பொருளுக்கு வைத்திருந்தோம். அன்றுதான் இந்தச் சொல்லைத் துருவத் தொடங்கினேன்.

‘ஃபில்டர்’ என்பதன் மூலம் இடைக்கால லத்தீனின் ‘ஃபில்ட்ரும்’. கம்பளி மயிரை நெய்யாமல் அழுத்தியே செய்யும் கெட்டித் துணிக்கு, அதாவது ஃபெல்ட் துணிக்கு, அந்தப் பெயர். அந்தத் துணியில் நீர்மங்களை ஊற்றி வடித்தார்கள். துணியின் பெயரே கருவியின் பெயராகிவிட்டது.

தமிழுக்கு வருவோம். வெள்ளம் வடிகிறது, சோறு வடிக்கிறோம், தெருவில் வடிகால் ஓடுகிறது. ‘வடி’ என்றால் நீர் இறங்கிப் போக விடுவது. சரி, ‘வடிகட்டி’யில் அந்தக் ‘கட்டு’ எதற்கு? பானை வாயில் துணியைக் கட்டி ஊற்றுவதை நம் வைத்தியர்கள் ‘வேடு கட்டுதல்’ என்பார்கள். வடிகட்டியில் இருக்கும் கட்டும் அந்தத் துணிக்கட்டுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பினாங்கில் தே தண்ணி கலக்கும் எந்தக் கடையிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம்: கம்பி வளையத்தில் கட்டிய, சாயமேறிப் பழுப்பான நீளத் துணிப்பை. ஐரோப்பியச் சொல்லும் நம் சொல்லும் ஒரே துணியிலிருந்து கிளம்பியவை என்று தோன்றியபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

வடிப்பது நீரைத்தானே, காற்றுக்குச் சல்லடை என்று சொல்லக்கூடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் சல்லடை கண்ணின் அளவை வைத்து மட்டும் பிரிக்கும். கண்ணைவிடப் பெரியது மேலே நிற்கும், சிறியது கீழே விழும். காடியின் ஃபில்டரில் இருக்கும் மடிப்புத் தாள் அப்படி வேலை செய்வதில்லை. இழைகளுக்கு நடுவே காற்று வளைந்து வளைந்து போகும்போது, தூசு திரும்ப முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. இடைவெளியைவிடச் சிறிய துகள்கூடச் சிக்கும். ஆகவே துணியைக் குறிக்கும் வடிகட்டியே பொருத்தம். பழைய சொல் வேண்டுமென்றால் பன்னாடை இருக்கிறது, தென்னை பனையின் நார்வலை. நன்னூல் கடைமாணாக்கருக்குச் சொல்லும் ‘நெய்யரி’ இதுதான்: நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். காடியில் நமக்கு வேண்டியதும் அதே வேலைதான்.

மலாயில் இதை ‘பெனாப்பிஸ் உடாரா’ என்கிறார்கள். ‘தாப்பிஸ்’ என்றால் வடிகட்டு. உதிரிப்பாகக் கடையில் அதுவும் உதவும்.

என் குழப்பத்துக்குத் தமிழிலேயே தீர்வு உண்டு. ‘இயந்திர வடிகட்டி’, ‘பயணியறை வடிகட்டி’ என்று இடத்தைச் சேர்த்துச் சொன்னால் போதும்.

இயந்திர வடிகட்டி முன் மூடிக்குக் கீழே கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும். இயந்திரத்துக்குள் போகும் தடித்த குழாயைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால் அந்தப் பெட்டியில் முடியும். கிளிப்பை விடுவித்து, பழையதை எடுத்து, பெட்டியின் உள்பக்கத்தைத் துடைத்து, புதியதன் ரப்பர் விளிம்பு சுற்றிலும் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்து மூடவேண்டும். தாள் வடிகட்டியைத் தண்ணீரில் கழுவவே கூடாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். அத்தனையும் இந்த ஒரு தாள் வழியாகத்தான் போகிறது. 2015, 2019 புகைமூட்டம் போன்ற காலங்களில் காடியின் கையேடு சொல்லும் கிலோமீட்டர் வரைக்கும் நான் காத்திருக்கமாட்டேன்.

பயணியறை வடிகட்டி பெரும்பாலும் இடப்பக்க இருக்கைக்கு முன்னால், சாமான் வைக்கும் டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பல காடிகளில் அந்தப் பெட்டியின் இரு பக்கத்தையும் உள்ளே அமுக்கினால் கீழே தொங்கும், பின்னால் நீளமான மூடி தெரியும். சில பழைய காடிகளில் இந்த வடிகட்டியே வைத்திருக்கமாட்டார்கள். புதியதைச் செருகும்போது காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் என் காடியில் நானே அதை உருவினேன். வெள்ளையாக இருக்கவேண்டியது சாம்பல் நிறத்தில் வந்தது. மடிப்புகளுக்குள் அங்சானா மரத்தின் மஞ்சள் பூவிதழ்கள் காய்ந்து, ஈரம் கோத்து, கறுத்துக் கிடந்தன. பல மாதமாக அந்த மர நிழலில்தான் காடியை நிறுத்திவந்தேன்.