தோட்டத்துக் கேசட்டில் ஜால்ரா எங்கே போனது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். 1980களில் அவர்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தாத்தா பாடியதை யாரோ கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறார்கள். இப்போது போட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிறது, ஜால்ரா சத்தமே இல்லை. "நாடா செத்துப்போச்சா?" என்று கேட்டிருந்தார்.

பெரும்பாலும் இல்லை. கேசட் டெக்கைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன்.

நாடாவில் பூசிய இரும்பு ஆக்ஸைடுத் துகள்கள் குட்டிக் காந்தங்கள், பதிவு செய்யும் ஹெட் (நாடாவைத் தொட்டு நிற்கும் காந்தத் தலை) அவற்றைத் திருப்பி வைக்கிறது, ஓட்டும் ஹெட் அதைப் படிக்கிறது. இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். எனக்குச் சலிக்காத விஷயம் இதற்கு அப்புறம் வருகிறது.

கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஜால்ராவின் கணீர் ஓசையில் 10,000 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 4.76 சென்டிமீட்டருக்குள் 10,000 அலைகள் படுக்க வேண்டும். ஓர் அலைக்குக் கிடைக்கும் இடம் 4.76 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று), தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. தாத்தா குரலின் 200 ஹெர்ட்ஸ் அலைக்கோ 238 மைக்ரான், ஐம்பது மடங்கு இடம்.

இந்த அலைகள் நாடாவின் குறுக்கே கோடு கோடாகப் பதிந்திருக்கும். ஹெட்டில் உள்ள மெல்லிய பிளவு அந்தக் கோடுகளுக்கு இணையாக நின்றால்தான் படிக்க முடியும். பஸ்ஸில் போகும்போது பால்மரக் (ரப்பர்) காட்டைப் பார்த்திருப்பீர்கள். நிரைக்கு நேராகக் கண் போகும் கணத்தில் கடைசி மரம் வரை பாதை திறக்கும். கொஞ்சம் விலகினால் எல்லா மரமும் ஒன்றாக அடைத்துக்கொள்ளும். ஹெட்டின் நிலையும் அதுதான்.

எவ்வளவு சாய்ந்தால் கெடும்? மோனோ பதிவின் தடம் 1.5 மில்லிமீட்டர் அகலம். ஹெட் வெறும் 0.18 டிகிரி சாய்ந்தாலே, பிளவின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையில் ஏறத்தாழ 4.76 மைக்ரான் விலகல் வந்துவிடும். அதாவது ஒரு முழு அலை. பிளவு அதன் மேட்டையும் பள்ளத்தையும் ஒரே நேரத்தில் தொட்டு, இரண்டையும் கூட்டி, பூஜ்யம் என்று சொல்லிவிடும். ஜால்ரா காலி. குரலின் நீண்ட அலைக்கு இந்தச் சாய்வு உறைக்கவே உறைக்காது. போர்வைச் சத்தத்துக்குக் காரணம் இதுதான்.

ஆக, கெட்டது நாடா இல்லை. அன்று பதிவு செய்த டேப்ரெக்கார்டரின் ஹெட் எவ்வளவு கோணலாக இருந்ததோ, அந்தக் கோணல் நாடாவிலேயே பதிந்திருக்கிறது. நம் ஹெட்டும் அதே அளவு சாய வேண்டும். ஹெட்டின் ஓரத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். முதலில் அது நின்ற நிலையைக் குறித்துக்கொண்டேன். இரண்டு சேனலையும் சேர்த்து மோனோவில் வைத்து, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகினேன். போர்வை விலகியது. ஜால்ரா வந்தது, தப்பில் குச்சி படும் சுளீர் ஓசை வந்தது. அந்த அம்மா பேசவில்லை; கேசட் அட்டையைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஒலி, ஒளிக்காட்சிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் (IASA) கணினியில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவது நல்லது என்கிறது. அதைச் செய்யுங்கள், ஆனால் ஸ்க்ரூவைச் சரிசெய்த பிறகு. ஹெட் படிக்காமல் விட்டதை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள், டெக்குக்கும் அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்.

1948 ஜூனில் மூன்று தோட்ட அதிகாரிகள் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் வந்ததால் சுங்கை சிப்புட் வரலாற்றுப் புத்தகத்தில் ஏறிவிட்டது. அங்கே பால் வெட்டியவர்கள் பாடிய பாட்டு இப்படி அலமாரிக் கேசட்டுகளில் கிடக்கிறது. பழைய காகித ஆவணங்களை ஸ்கேன் செய்யக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கு இதற்கும் வர வேண்டும். ஊர் நூலகத்துக்கு ஒரு நல்ல டெக், பழகிய கை ஒன்று. நான் கேட்பது அவ்வளவுதான்.

அந்த அம்மாவின் பிஸ்கட் டின்னில் இன்னும் பதினோரு கேசட் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஸ்க்ரூவைப் புதிதாகத்தான் திருக வேண்டும். அடுத்த ஞாயிறு மறுபடி போகிறேன்.