பரிற்றி என்பதற்குச் ‘சமநிலை’ பொருந்துமா?

தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தரவை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் தொடர்முறைத் தொடர்பில் இணைப்பது பற்றி வரும் தமிழ்ப் பாடக்குறிப்புகளில் ‘பரிற்றி’ (parity; தரவிலுள்ள 1களின் எண்ணிக்கை ஒற்றையா, இரட்டையா என்று பார்த்துப் பிழை காணும் ஏற்பாடு) என்ற அமைப்பைச் ‘சமநிலை’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இதை இனியும் பொறுத்துக்கொள்வதற்கில்லை.

‘சமம்’ என்னும் பொருளுடைய ‘பார்’ என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். பொருளியலில் நாணயங்களின் பெறுமதியைப் பேசும்போது ‘சமநிலை’ பொருந்தும். கணிதத்திலோ பரிற்றி என்ற சொல் ஓர் எண் ஒற்றையா, இரட்டையா என்ற தன்மையைச் சுட்டுகிறது. தொடர்பாடல் எடுத்துக்கொண்டதும் அந்தப் பொருளையே.

இக்கருவிகள் தமக்குள் தரவு பரிமாறப் பயன்படும் மொட்பஸ் ஆர்.டி.யு. முறையில் 7ஆம் இலக்கக் கருவி முகவரியை எடுத்துக்கொள்வோம். இரும எண்ணில் அது 00000111; அதில் 1 மூன்று முறை வருவதால், ‘இரட்டை’ என்று அமைக்கப்பட்ட கருவி மேலும் ஒரு 1ஐச் சேர்த்து நான்காக்கி அனுப்பும். பெறும் கருவி ‘ஒற்றை’ என்று அமைக்கப்பட்டிருந்தால், வந்ததைப் பிழையெனத் தள்ளிவிட்டு மறுமொழி தராமல் இருந்துவிடும். இந்த எண்ணிக்கையில் எது எதனோடு சமநிலை கொள்கிறது?

இதைவிடப் பெரிய கேடு ஒன்றுண்டு. மொட்பஸ் ஆர்.டி.யு. பெரும்பாலும் ஓடுவது ஆர்.எஸ். 485 என்னும் கம்பி இணைப்பில்; இரு கம்பிகளுக்கிடையிலான மின்னழுத்த வேறுபாட்டால் தரவைக் கடத்தும் அவ்விணைப்பே மின்னியலில் சமநிலை இணைப்பு எனப்படுவது. இன்னொரு தொடர்முறை இணைப்பான ஆர்.எஸ். 232 சமநிலையற்றது. ஆக, ‘சமநிலை’ என்ற சொல்லுக்கு இத்துறையில் ஏற்கெனவே உரிய பொருள் உண்டு. அமைப்புப் பக்கத்தில் ‘சமநிலை: இல்லை’ என்று கண்ட மாணவர் கம்பியைக் கழற்றிப் பார்க்கத் தொடங்குவார்; சொல்ல வந்ததோ, சரிபார்க்கும் பிற்று (bit; 0 அல்லது 1 என்னும் இரும இலக்கம்) சேர்க்கப்படவில்லை, ஆகவே எழுத்தொன்றுக்கு 11 பிற்று என்ற மொட்பஸ் கணக்கு நிறைய, எழுத்தின் முடிவைக் காட்டும் நிறுத்தப் பிற்று இரண்டு வேண்டும் என்பது மட்டுமே.

அகராதியின் முதற்பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, அது கருவியில் என்ன வேலை செய்கிறது என்று பாராமல் விடுவதே இன்றைய மொழிபெயர்ப்பாளர் பலரின் குறை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண்ணில் இவ்வளவு அசட்டை தகாது.

புளியங்கொட்டைகளைக் கைக்குள் மறைத்து ‘ஒற்றையா, இரட்டையா?’ என்று கேட்கும் சிறுவருக்கும் தெரிந்த சொற்கள் நம்மிடம் உள்ளன; பாடசாலைக் கணிதமும் ஒற்றை எண், இரட்டை எண் என்றே சொல்லித்தருகிறது. எனவே ‘ஒற்றையிரட்டை’ என்ற உம்மைத்தொகையே பரிற்றிக்குத் தக்க தமிழ். சரிபார்க்கும் பிற்றை ‘ஒற்றையிரட்டைப் பிற்று’ எனலாம். சொல் நீளம் என்பார்க்கு, அமைப்புப் பக்கத்தில் அதை ஒருமுறை தலைப்பாக எழுதினாற் போதும்; அதன்கீழ் வரும் தெரிவுகள் ‘ஒற்றை’, ‘இரட்டை’, ‘இன்றி’ என்னும் மூன்று சிறு சொற்களே.