பியருக்குள்ள கதலி வாசம் எப்பிடி வந்தது?

ஸ்காபரோவுல இருக்கிற மச்சான் போன ஆவணி லீவுக்கு வரேக்க உடுப்புக்குள்ள சுத்தி ரெண்டு போத்தல் பியர் கொண்டு வந்தவன், அவனே வீட்டு பேஸ்மென்ட்ல காய்ச்சினது. கனடாவுல சொந்தப் பாவனைக்கு வீட்டில காய்ச்சலாம், இங்க லைசென்ஸ் இல்லாம காய்ச்சினா சட்டப்படி குற்றம், அதால பியர் காய்ச்சிப் பாருங்க எண்டு நான் சொல்ல வரேல்ல. திருகோணமலை உப்புவெளியில எங்கட வீட்டு முத்தத்துல வைச்சு முதல் போத்தலத் திறந்தா, கிளாஸ மூக்குக்குக் கிட்டக் கொண்டு போக முதலே நல்லாப் பழுத்த கதலி வாசம். பக்கத்துல இருந்த சித்தப்பா "எசன்ஸ் விட்டிருக்கிறாய் தம்பி" எண்டார். அவன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுறான், பார்லி, கோதுமை, ஹொப்ஸ் பூ, தண்ணி, ஈஸ்ட், வேற ஒண்டும் இல்ல எண்டு. சித்தப்பா ஒரு வாயோட கிளாஸ வைச்சிட்டு தன்ர வழமையான லாகர் பியருக்கே போயிட்டார், எனக்கெண்டா அது அவ்வளவு பிடிச்சுது. ஒரே போத்தல், ரெண்டு நாக்கு.

அந்த வாசத்தைப் போட்டது ஈஸ்ட். நாங்க பள்ளிக்கூடத்துல மதுவம் எண்டு படிச்சது. ஒரு மில்லிமீற்றருக்குள்ள நூறு, நூற்றைம்பது பேர் வரிசையா நிக்கலாம், அவ்வளவு சின்ன உயிர். இதுகள் சீனியத் திண்டு கிட்டத்தட்ட பாதி நிறைக்கு மதுசாரமும் பாதி நிறைக்கு காபனீரொட்சைட்டும் விடுறது எல்லாருக்கும் தெரியும், ஆனா என்னைக் கேட்டா உண்மையான கதை அந்த ரெண்டும் இல்ல, அதோட சேந்து துளித்துளியா வாற மற்றச் சாமான்கள்தான். அதுல எஸ்தர் எண்டு ஒரு கூட்டம் இருக்கு, பழ வாசம் தாறதுகள். ஐசோஅமைல் அசிட்டேற் எண்டது அதுல ஒண்டு, வாழைப்பழம் மணக்கிறதுக்கும் முக்கிய காரணம் அதே மூலக்கூறுதான். அதாவது மச்சான்ட பியர் வாழைப்பழம் "மாதிரி" மணக்கேல்ல, வாழைப்பழத்துல இருக்கிற அதே சாமான்தான் அதுக்குள்ளயும் இருந்தது. ஜெர்மன்காரர் கோதுமை பியருக்குப் போடுற ஈஸ்ட் இனம் இதைக் கூடுதலா விடும், கூடவே கராம்பு வாசம் தாற இன்னொண்டையும் விடும். 1516ல பவேரியாவுல பியருக்கு ஒரு சட்டம் போட்டவங்க, தண்ணி, பார்லி, ஹொப்ஸ் மட்டும்தான் சேர்க்கலாம் எண்டு, அதுல ஈஸ்ட்டுக்குப் பேரே இல்ல, ஏனெண்டா அப்பிடி ஒரு உயிர் உள்ளுக்க வேலை செய்யுது எண்டு அப்ப ஒருத்தருக்கும் தெரியாது.

ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு பார்லியில இருந்து வருது. பயறு முளைக்க விடுற மாதிரி பார்லிய முளைக்க விட்டுக் காய வைச்சா உள்ளுக்க மாப்பொருளை உடைக்கிற நொதியங்கள் தயாரா இருக்கும், பிறகு ஒரு 65 பாகைத் தண்ணியில, அதாவது கன்னியா வெந்நீர்க் கிணறுகள்ல அள்ளிக் குளிக்கிற தண்ணியவிட நல்லாக் கூடின சூட்டுல, ஒரு மணித்தியாலம் ஊற விட்டா மாப்பொருள் இனிப்பாகிடும். சோத்தக் கன நேரம் சப்பினா இனிக்குமே, அதே வேலைதான்.

இனி சூட்டுக்கு வருவம், எனக்கு இதுலதான் கதைக்கக் கன விசயம் இருக்கு. ஒரே ஈஸ்ட்ட குளிருல விட்டா மெதுவா, அடக்கமா வேலை செய்யும், சூட்டுல விட்டா அவசரத்துல தின்னும், எஸ்தரும் கூடும், அதுக்கு மேலயும் போனா பெயின்ட் தின்னர் மாதிரி மூக்கக் குத்துற பார மதுசாரங்களும் வரும், அது குடிக்க ஏலாது. ஏல் எண்டு சொல்லுற வகைகளுக்கு 18ல இருந்து 22 பாகை வரைக்கும் தோதா இருக்கும், லாகருக்கு 8ல இருந்து 13, அதுக்குப் பிறகும் கிழமைக்கணக்கா பூச்சியத்துக்குக் கிட்ட வைச்சு ஆற விடுறவங்க. சித்தப்பாட லாகர் பழ வாசம் ஒண்டும் இல்லாம சுத்தமா இருக்கிறதுக்கு அந்தக் குளிர்தான் காரணம். லாகர் ஈஸ்ட்டே ஒரு கலப்பு, ரொட்டி ஈஸ்ட்டுக்கும் குளிர் தாங்குற ஒரு காட்டு ஈஸ்ட்டுக்கும் பிறந்த பிள்ளை. 1883ல டென்மார்க்குல ஹான்சன் எண்டவர் அதைத் தனியாப் பிரிச்சு வளத்தவர், ஆனா அந்தக் காட்டுப் பெற்றோர் ஆரெண்டு 2011லதான் தெரிய வந்தது, தென்னமெரிக்காவுல பட்டகோனியாக் காட்டு மரங்கள்ல. நம்மட ஊர்ல கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல வீட்டுக்குள்ளயே 30 பாகைக்கு மேல கிடக்கும், குளிரூட்டுற மெசின் இல்லாம இங்க லாகர் எண்டது நடக்காத காரியம். 1849ல சாமுவேல் பேக்கர் எண்ட வெள்ளைக்காரர் இலங்கையில பியர் காய்ச்சத் தொடங்கினது நுவரெலியாவுல எண்டது சும்மா இல்ல, அந்தக் குளிரும் ஊத்துத் தண்ணியும் அங்கதான் இருந்தது.

சூட்டுல ஈஸ்ட் என்ன செய்யும் எண்டு சித்தப்பாவுக்கு பியரை விட கள்ளுலதான் நல்லாத் தெரியும். விடிய இறக்கின பனங்கள்ளு இனிப்பும் நுரையுமா இருக்கும், மத்தியானம் தவறணையில பிளாவுல வாங்கினா உறைப்பு ஏறியிருக்கும், அடுத்த நாள் எண்டா புளிச்சு வினாகிரிப் பக்கம் போயிடும். ஒருத்தரும் ஈஸ்ட் போடேல்ல, பாளையிலயும் முட்டியிலயும் காத்திலயும் இருக்கிறதே காணும். முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசினா அது கருப்பணியா இனிப்பாவே நிக்குது, காரத்துல அந்த உயிர்கள் வளர மாட்டுது எண்டதால.

கசப்பு வேற கதை. ஹொப்ஸ் எண்டது ஒரு கொடியின்ட பூ, அதைக் கொதிக்க வைக்கேக்க உள்ளுக்க இருக்கிற அமிலங்கள் வடிவம் மாறித்தான் கசப்பாகும், சும்மா ஊறப் போட்டா மணம் வரும், கசப்பு பெரிசா வராது. ஸ்டவுட் எண்ட கறுப்பு பியருல கோப்பிக் கொட்டை மாதிரி கறுக்க வறுத்த பார்லியின்ட கசப்பும் சேருது. மனிசருக்குக் கசப்ப உணர மட்டும் ஏறக்குறைய 25 வகை ஏற்பிகள் இருக்கு, அதுகள் ஆளுக்காள் பரம்பரையில வித்தியாசப்படும், அதோட பழக்கமும் இருக்கு, சின்னனில பாவக்காயத் துப்பின நான் இப்ப பாவக்காய்ச் சம்பல் இல்லாம சோறு சாப்பிடுறேல்ல. அதால ஸ்டவுட் குடிக்கிறவன் ரசனை உள்ளவன், லாகர் குடிக்கிறவன் ஒண்டும் தெரியாதவன் எண்டு ஆராவது கதைச்சா எனக்குக் கோவம் வரும்.

மச்சான் அடுத்ததா நோர்வேக்காரரின்ட குவைக் எண்ட ஈஸ்ட்டுல காய்ச்சப் போறானாம். அங்கத்தப் பண்ணை வீடுகள்ல மரவளையத்துலயும் துணியிலயும் காய வைச்சு தலைமுறையாக் காப்பாத்தின இனம், 35, 40 பாகையிலயும் தின்னர் வாசம் இல்லாம, தோடம்பழ வாசத்தோட ரெண்டு மூண்டு நாளில வேலைய முடிச்சிடும். அவ்வளவு குளிர் நாட்டு ஈஸ்ட் எங்கட சூட்ட இப்பிடி விரும்புது எண்டத நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் தீரேல்ல. அவன் பேஸ்மென்ட்டுக்கு ஹீட்டர் வாங்க வேணுமாம்.

நான் செய்யிறது இஞ்சிப் பியர். ரெண்டு லீற்றர் தண்ணி, 150 கிராம் சீனி, ஒரு கைப்பிடி இடிச்ச இஞ்சி, ரெண்டு தேசிக்காய், பாண் போடுற ஈஸ்ட் கால் தேக்கரண்டி. முதல் தரம் கண்ணாடிப் போத்தல்ல இறுக்கி மூடி குசினி மூலையில வைச்சன், ரெண்டாம் நாள் ராத்திரி வெடிச்சு கண்ணாடித் துண்டு சிலது கதவுப் பலகையில குத்தி நிண்டது, ஆரும் பக்கத்துல இல்லாதது பெரிய புண்ணியம். கணக்குப் பாத்தாத்தான் பயம் விளங்கும். லீற்றருக்கு 4 கிராம் சீனிய ஈஸ்ட் திண்டா அந்த ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் வாயு வரும். சோடாவுல இருக்கிறது மூண்டு நாலு லீற்றர்தான், அப்ப 15 கிராம் திண்டாலே காணும், மதுசாரமும் ஒரு வீதமளவுலதான் நிக்கும். நான் போட்டது லீற்றருக்கு 75 கிராம். விட்டா ஈஸ்ட் தின்னுறத நிப்பாட்டாது, பதினெட்டு லீற்றருக்கு மேல வாயு, எந்தக் கண்ணாடி தாங்கும்?

இப்ப பிளாஸ்ரிக் சோடாப் போத்தல்தான், மேல நாலு விரல் இடம் விட்டு. காலமை பின்னேரம் அமத்திப் பாப்பன், எங்கட சூட்டுக்கு ஒரு நாளில கல்லு மாதிரி இறுகிடும், உடனே பிரிட்ஜ். குளிருல ஈஸ்ட் ஒடுங்கி அடியில வெள்ளையாப் படியும், ஆட்டாம சரிச்சு வாக்க வேணும். சித்தப்பா இதுல மட்டும் ரெண்டாவது கிளாஸ் கேட்டார்.