‘டயட்’: பத்தியமா, கட்டுப்பாடா, உணவுமுறையா?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு பிள்ளை “டயட்டுல இருக்கேன்” என்றால், ராச்சாப்பாட்டை நிறுத்திவிட்டாள் என்றுதான் வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பொருள் சொல்லோடு பிறந்ததல்ல. கிரேக்கத்தில் ‘டையைட்டா’ என்றால் வாழும் முறை. உணவும் உறக்கமும் உழைப்பும் அதில் அடக்கம். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, காலப்போக்கில் அது உணவளவில் சுருங்கியது. 1863இல் வில்லியம் பாண்டிங் என்ற லண்டன்வாசி தன் உடம்பு மெலிந்த விதத்தைச் சிறுநூலாக வெளியிட்டார். அது பரவிய வேகத்தில் அவர் பெயரே மெலிவதற்காக உணவைக் குறைப்பதைக் குறிக்கும் வினைச்சொல்லானது. சுவீடிஷ் மொழியில் அந்தச் சொல் இன்றும் வழக்கில் இருக்கிறது.

தமிழில் பழைய சொல் ‘பத்தியம்’. ‘பத்ய’ என்ற வடசொல்லுக்கு வழிக்கு உகந்தது என்று பொருள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் மிளகும் சேர்த்துக் கறி வைக்கிறோமே, அதுதான் பத்தியம். அதில் விலக்குவது உண்டு, ஆனால் சேர்ப்பதும் உண்டு. முக்கியமாக, பத்தியத்துக்கு முடிவு நாள் இருக்கிறது. ‘பத்தியம் முறித்தல்’ என்று அதற்குத் தனிப்பெயரே உண்டு. விளம்பரங்கள் விற்கும் டயட்டுக்கு அப்படியொரு நாள் கிடையாது.

‘உணவுக் கட்டுப்பாடு’ என்பது சுருங்கிப்போன ஆங்கிலப் பொருளின் மொழிபெயர்ப்பு. வைத்தியர் ஒன்றைக் குறைக்கச் சொல்லும்போது அது பொருந்தும். மற்ற இடங்களில் ‘உணவுமுறை’ என்பதே சரி. “அற்றால் அளவறிந்து உண்க” என்ற குறள், அதுவே உடம்பை நெடுங்காலம் கொண்டுசெல்லும் ‘ஆறு’ என்று முடிகிறது. ஆறு என்றால் வழி.

இலங்கை மலையகத்தில் இந்த வேறுபாடு உயிர்ப்பான விடயம். 2016ஆம் ஆண்டு தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்புறப் பிள்ளைகளில் 31.7 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17.3. அந்தக் குறையோடு வளர்ந்த உடம்பிலிருந்து இன்னும் குறைக்கச் சொல்வது அநியாயம். கோதுமை மா ரொட்டி, கட்டச் சம்பல், தேத்தண்ணி என்ற காலைச் சாப்பாட்டில் மாச்சத்து நிறைய, புரதமும் இரும்பும் குறைவு. இதிலே ரொட்டியைப் பாதியாக்குவது தீர்வல்ல. பக்கத்தில் ஒரு முட்டை வைத்தால் ஏறக்குறைய 6 கிராம் புரதம் கூடும். அவித்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராம். வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழிந்தால் கீரையின் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். சாயத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடித்தால் அதே இரும்பை அது தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

வேளையை விடும்போது என்ன நடக்கிறது? 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆண்களுக்கு 24 வாரம் ஏறத்தாழ அரை வயிற்று உணவு கொடுத்துப் பார்த்தார்கள். எடை கால்பங்கு குறைந்தது. குளிர் தாங்கவில்லை, மனம் சோர்ந்தது, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. உணவு திரும்பக் கிடைத்தபோது பலரால் நிறுத்த முடியவில்லை. பட்டினி கிடந்த பிள்ளை ராத்திரி பிஸ்கட் பாக்கெட்டை முழுதாக முடிப்பதும் இதனால்தான். அதை ‘மனக்கட்டுப்பாடு இல்லை’ என்று ஏசுவது தவறு.

‘உடற்பயிற்சி’யில் உள்ள பயிற்சி, ‘பயில்’ என்ற வினையிலிருந்து வந்தது. பழகுவது என்று பொருள். தின்ற ரொட்டிக்குத் தண்டனையாக ஓடுவது அதில் சேராது. பகல் முழுக்கச் சரிவில் கொழுந்து பறித்தவருக்கு மாலை ஓட்டம் தேவையேயில்லை. அவருக்கு வேண்டியது கூடையின் தலைக்கயிறு இழுத்த கழுத்துக்கும் தோளுக்கும் இளக்கம்: நிமிர்ந்து நின்று, தோள்பட்டைகளைப் பின்னுக்குச் சேர்த்து ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள், பத்து முறை. கடையிலோ அலுவலகத்திலோ இருந்தே வேலை செய்பவருக்கு, வாரம் 150 நிமிடமாவது வேகநடை, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நடக்கையில் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம்.

மூன்று மாதம் மாதவிடாய் வராமல் நின்றால், எழும்பும்போது கண் இருட்டினால், சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தியெடுத்தால், எடை எவ்வளவாக இருந்தாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். எந்த வேளையை, எத்தனை வாரமாக விட்டீர்கள் என்று சொல்லுங்கள். மெலியவைக்கும் தூளோ மாத்திரையோ எடுத்திருந்தால் அதன் உறையையும் கொண்டுபோங்கள்.