எம்ஆர்ஐ ஊசியில் இருக்கும் உலோகம்

"ஊசி போட்டு எடுக்கணும்" என்றதுமே ஸ்கேன் மேசையில் இருப்பவரின் முகம் மாறிவிடும். "கதிரியக்க மருந்தா டாக்டர்?" என்பார்கள். இல்லை. சிரிஞ்சில் தண்ணீர்போலத் தெளிவாக இருப்பது காடோலினியம் என்ற அருமண் உலோகத்தின் சேர்மம்.

அணு எண் 64. 1880இல் மரிஞாக் என்ற சுவிட்சர்லாந்து வேதியியலாளர் கண்டறிந்தது. வினோதமான உலோகம் இது. பனிக்கட்டித் தண்ணீரில் முக்கி எடுத்தால் இரும்பைப்போலக் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். சுமார் 20 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் பிடி தளர்ந்து விழுந்துவிடும். இதன் அயனியில், அதாவது எலெக்ட்ரான்கள் சிலவற்றை இழந்து மின்னேற்றம் பெற்ற அணுவில், ஜோடி சேராத எலெக்ட்ரான்கள் 7 இருக்கின்றன. எங்களுக்கு வேண்டியது அவைதான். பக்கத்தில் இருக்கும் நீர் மூலக்கூறுகளை அவை உசுப்பிவிடுவதால், மருந்து போய்ச் சேர்ந்த இடம் படத்தில் வெள்ளையாகப் பளிச்சிடும். ஊசிக்கு முன் எடுத்த மூளைப் படத்தில் கண்ணுக்கே தெரியாத கட்டி, ஊசிக்குப் பின் பட்டாணிபோல எழுந்து நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சரி, ஆபத்தே இல்லையா? தனி அயனியாக உடலுக்குள் விட்டால் இது நஞ்சு. அளவில் கால்சியம் அயனியை ஒத்திருப்பதால் அதன் வேலைகளில் குறுக்கிடும். அதனால்தான் ஒரு கரிம மூலக்கூறுக்குள் கூண்டில் அடைப்பதுபோல அடைத்துக் கொடுக்கிறார்கள். கூண்டிலும் இரண்டு வகை. சங்கிலிபோலத் திறந்திருப்பது ஒன்று, வளையமாக மூடியிருப்பது இன்னொன்று. வளையம்தான் உலோகத்தை இறுக்கிப் பிடித்திருக்கும். ஐரோப்பாவில் 2017இல் சங்கிலி வகை மருந்துகள் பலவற்றை நிறுத்தி வைத்தார்கள்.

கூண்டோடு சேர்த்து வெளியேற்றுவது சிறுநீரகம். அது நன்றாக இருந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். செயலிழந்திருந்தால் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அவ்வளவு நேரம் உள்ளேயே தங்கினால் கூண்டு பிரியலாம். அப்படிச் சிலருக்குத் தோல் பலகைபோல இறுகி, மூட்டை மடக்க முடியாமல் போனது. காரணம் இந்த மருந்துதான் என்ற சந்தேகம் 2006இல் எழுந்தது. வளைய வகை மருந்தும் முன்கூட்டிய சோதனையும் வந்தபின் அந்த நோய் மிக அரிதாகிவிட்டது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கும் மூளையில் துளியளவு தங்குவதாக 2014இல் தெரியவந்தது. அதனால் கெடுதல் என்று இதுவரை நிரூபணமாகவில்லை. ஆனாலும் தேவையில்லாமல் இந்த ஊசியைப் போடக்கூடாது என்பதுதான் என் கட்சி.

ஒருமுறை படிவத்தில் 'சிறுநீரக நோய் உண்டா' என்ற இடத்தில் ஒரு பெரியவர் 'இல்லை' என்று எழுதியிருந்தார். ஊசிக்கு நரம்பு தேட டெக்னீஷியன் சட்டைக்கையை மடித்தபோது, டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்திருந்த இடம் முழங்கைக்குக் கீழே புடைத்துத் தெரிந்தது. "ஏன் ஐயா சொல்லவில்லை?" என்றேன். "அதுக்குத்தான் வாரம் மூணு தடவை மெஷின்ல சுத்தம் பண்றாங்களே, இப்ப நோய் எங்க இருக்கு?" என்றார். அன்று ஊசியில்லாப் படங்களே போதுமானதாக இருந்தன. அப்புறம் படிவத்தில் 'டயாலிசிஸ் செய்கிறீர்களா' என்று தனியாக ஒரு வரி சேர்த்தோம்.